முந்திரிக்காட்டில் ஒரு டைவிங் வாட்ச்

புயல் அடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பயணத்தைத் தள்ளிப்போடலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். விழுந்தது மரங்கள்தானே, மணிக்கட்டுகள் அப்படியேதானே இருக்கின்றன என்றார். அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னபோது வேடிக்கையாகத்தான் இருந்தது, நானும் சிரித்தேன். 2012 ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரம், கடலூரில் வந்து இறங்கினேன்.

நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன். விலை உயர்ந்த சுவிஸ் கைக்கடிகாரங்கள் விற்கும் கடையொன்றில் பதினான்கு வருடமாக வேலை பார்த்தேன். என் பிரிவு ஸ்போர்ட்ஸ் வாட்ச். கடலுக்கடியில் முந்நூறு மீட்டர் ஆழம்வரை தாங்கும் என்று சொல்லி விற்போம். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் குளிக்கப் போகும்போதே அதைக் கழற்றி வைத்துவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். இந்தியாவின் சிறிய ஊர்களில் புதுப் பணம் புரள்கிறது என்று முதலாளி ஏதோ பத்திரிகையில் படித்திருந்தார். எங்கள் உத்தரவாதப் பதிவேட்டில் கடலூர் மாவட்ட முகவரி கொடுத்திருந்தவர்கள் மூன்று பேர். அவர்களை நேரில் பார்த்து, ஸ்போர்ட்ஸ் வாட்ச் வாங்குகிறவருக்கு உண்மையில் என்னதான் வேண்டும் என்று கேட்டு எழுதிவர வேண்டும். இருபத்தெட்டுக் கேள்விகள். அறிக்கை நன்றாக வந்தால் புதுச்சேரியில் ஒரு கிளை, அதற்கு நான் பொறுப்பாளர். வராவிட்டால் எங்கள் தளத்தில் ஒரு நாற்காலி குறையும் என்றார். யாருடையது என்று சொல்லவில்லை.

கடலூரில் நான் தங்கிய விடுதியில் மின்சாரம் மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும், அதுவும் ஜெனரேட்டர் புண்ணியத்தில். கீழே இருந்த சாப்பாட்டுக் கடையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பரோட்டாவும் சங்கரா மீன் குழம்பும் சாப்பிட்டேன். குழம்பு அவ்வளவு ருசியாக இருந்ததில் எனக்கே கூச்சமாக இருந்தது. எங்கள் அடுக்குமாடியில் ஒருமுறை மின்தூக்கி இருபது நிமிடம் நின்றுபோனதற்கு நாளிதழுக்குக் கடிதம் எழுதியவர்கள் உண்டு. இங்கே பக்கத்து மேசைக்காரர் இன்னொருவரிடம், உங்க ஊருக்குக் கரன்ட் வந்துடுச்சா என்று, மகளுக்கு வரன் அமைந்ததா என்று கேட்கிற குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை குடிகாட்டுக்கு ஆட்டோ. பாதி வழியில் அறுந்து கிடந்த மின்கம்பியைச் சுற்றிப் போகிறேன் என்று ஓட்டுநர் வண்டியை மணலில் இறக்கிவிட்டார். நானும் அவரும் தள்ளினோம். சட்டையெல்லாம் மண்ணோடுதான் என் முதல் வாடிக்கையாளர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவர் அங்கிருந்த ரசாயன ஆலை ஒன்றில் பொறியாளர். வாட்ச்சைக் கட்டியிருக்கிறாரா என்று மணிக்கட்டைப் பார்த்தேன். சாதாரணப் பிளாஸ்டிக் கடிகாரம். எங்களுடையது வங்கி லாக்கரில் இருக்கிறதாம். மூன்று வருடத்தில் இரண்டு கல்யாணத்துக்குக் கட்டியிருக்கிறார். கேள்வித்தாளை வரிசையாகக் கேட்டேன். ஆழம், பட்டை, இருட்டில் ஒளிரும் முள் எதைப் பற்றியும் அவரிடம் கருத்து இல்லை. கடைசியில் பேனாவை மூடியபோதுதான் மனம் விட்டுச் சொன்னார்:

"பாத்தவுடனே மத்தவங்களுக்குத் தெரியணும் சார். ஆனா நான் காட்டுன மாதிரி இருக்கக் கூடாது. அவ்ளோதான்."

பதினான்கு வருடத்தில் எந்தச் சுவிஸ்காரரும் இந்த வியாபாரத்தை இவ்வளவு சுருக்கமாக எனக்கு விளக்கியதில்லை. ஆனால் கடைசியாக அதைக் கட்டிக்கொண்டு போன கல்யாணத்தில் யாராவது பார்த்தார்களா என்று கேட்டேன். ஒருத்தரும் பார்க்கவில்லை என்றார். அதைச் சொன்னபோது முகம் உண்மையிலேயே வாடிப்போனது.

பிற்பகலில் பண்ருட்டி போய், அங்கிருந்து அண்ணாகிராமம் பக்கம் போனேன். பேருந்தில் சன்னலோரம் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம். முந்திரித் தோப்புகள் ஒன்றுகூட நிற்கவில்லை. எல்லா மரமும் ஒரே திசையில், சீப்பால் படிய வாரிய மாதிரி சாய்ந்து கிடந்தன. வேரோடு புரண்ட பலா மரங்களில் பிஞ்சுகள் காய்ந்து கறுத்துத் தொங்கின. வெளியூர்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் விழுந்த அடிமரத்திலேயே வரிசையாக உட்கார்ந்து பொட்டலச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேருந்துக்குள் யாரும் வெளியே பார்க்கவில்லை. பார்த்துச் சலித்துவிட்டது போலும். நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பட்டியலில் இரண்டாவது பெயர் தெய்வசிகாமணி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஆறு ஏக்கர் முந்திரி, வீட்டைச் சுற்றிப் பலா. எல்லாம் போயிருந்தது. நான் வாட்ச் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும், அரசாங்கத்திலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்துத் துண்டை இறக்கினார். புரிந்தபிறகும் மரியாதை குறையவில்லை. அவர் மனைவி அஞ்சலை ஒரு தட்டில் வறுத்த முந்திரிப் பருப்பு கொண்டுவந்து வைத்தார். போன வருடத்துப் பருப்பு, சாப்பிடுங்க, இனிமே நாங்களே வெலைக்குத்தான் வாங்கணும் என்றார். ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். இரண்டாவதை எடுக்கக் கை வரவில்லை.

அவர் ஏன் அந்த வாட்ச்சை வாங்கினார் என்பதை நான் கேட்காமலே சொன்னார். கொட்டை கொள்முதல் செய்ய வருகிற வியாபாரிகள் எதிரில் உட்காரும்போது முதலில் கையைத்தான் பார்ப்பார்களாம். ஒரு வியாபாரி இதே மாதிரி வாட்ச் கட்டிக்கொண்டு வந்து, இவரை நிற்க வைத்தே விலை பேசினாராம். அதிலிருந்து மனதில் விழுந்துவிட்டது. தம்பி கலியமூர்த்தி சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறார். நல்ல விளைச்சல் வந்த ஒரு வருடம் தம்பிக்குப் பணம் அனுப்பி, அண்ணன் பேரிலேயே வாங்கச் சொல்லி, அவர் விடுமுறைக்கு வந்தபோது பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த கொள்முதலில் வியாபாரி நாற்காலி போடச் சொன்னாராம்.

"அதுதான் சார் நான் கேட்டது. ஒரு நாற்காலி."

அரிசி வாளிக்குள்ளிருந்து பெட்டியை எடுத்துவந்தார். பெட்டி எங்களுடையது. உத்தரவாத அட்டை எங்களுடையது, எங்கள் கடை முத்திரையோடு. வாட்ச்சை வாங்கி, பழக்கத்தில் கட்டைவிரலை வளையத்தில் வைத்தேன்.

டைவிங் வாட்ச்சில் கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். நீருக்குள் இறங்கும்போது அதைத் திருப்பி வைத்து, மூச்சுக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று பார்ப்பார்கள். அது ஒரு பக்கம் மட்டும்தான் திரும்பும். எதிலாவது இடித்துத் தவறாக நகர்ந்தாலும் மிச்ச நேரத்தைக் குறைத்துக் காட்டலாமே தவிர, கூட்டிக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டினால் ஆள் மேலே வரமாட்டார். நான் திருப்பிய வளையம் இடப்பக்கமும் திரும்பியது, வலப்பக்கமும் திரும்பியது.

போலி. நல்ல போலி, ஆனால் போலி. அட்டையில் இருந்த எண்ணும் வாட்ச்சில் இருந்த எண்ணும் வேறு வேறு. எங்கள் கடையில் கலியமூர்த்தி வாங்கியது அசல்; அதற்குப் பதிவு இருக்கிறது. அதை எங்கோ விற்றுவிட்டு, இதைப் பெட்டிக்குள் வைத்து அண்ணனிடம் கொடுத்திருக்கிறார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கப்போகும் சமயம் அஞ்சலை சொன்னார், மரம் போனா போவுது, கொழுந்தன் இருக்குறாரு, தெனமும் போன் பண்றாரு, அவரு ஒருத்தருதான் இப்போ எங்களுக்கு என்று. நான் வாட்ச்சைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். நன்றாக ஓடுகிறது என்றேன். அது பொய் இல்லை, ஓடத்தான் செய்தது.

பிறகுதான் அவர் விஷயத்துக்கு வந்தார். இதை விற்க வேண்டும். விழுந்த மரத்தை அறுத்து அகற்ற இயந்திரம் பிடிக்க வேண்டும், கன்று வாங்கி நட வேண்டும். பண்ருட்டியில் அடகுக் கடைக்குக் கொண்டுபோனால், தங்கமாக இருந்தால் உரசிப் பார்க்கலாம், இது எஃகு என்று தள்ளிவிட்டார்களாம். உங்க கம்பெனியே எடுத்துக்குமா என்று கேட்டார். விற்றதைத் திரும்ப வாங்கும் வழக்கம் இல்லை என்றேன். அவர் கண் என் மடியிலிருந்த பட்டியலுக்குப் போனது. மூன்றாவது பெயர் சிதம்பரத்தில் ஒரு எலும்பு மருத்துவர். இவரும் இதே வாட்ச்தான் வாங்கியிருக்காரா என்று கேட்டார். அந்த மருத்துவர் வாட்ச் சேகரிப்பவர், ஒன்றுக்கு நான்காக வைத்திருப்பவர் என்று நானே உளறினேன்.

"அப்ப நாளைக்கு நானும் ஒங்களோட வர்றேன் சார். நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்பதைப் பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். பேருந்தில் தனியாக இருக்கும்போது, மனைவி இல்லாத இடத்தில், பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை பண்ருட்டிப் பேருந்து நிலையத்தில் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். கையில் அந்த வாட்ச். கட்டிக்கொண்டு போனால்தான் மதிப்பு என்று அஞ்சலை சொன்னாராம். எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார். நான் எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை.

வழியெல்லாம் பேசினார். புயல் அன்று விடியற்காலை மரம் விழுந்த சத்தம் காதில் விழவேயில்லையாம், காற்றின் சத்தத்தில். விடிந்து கதவைத் திறந்தால் எதிர் ஊர்க் கோபுரம் தெரிந்தது. பிறந்ததிலிருந்து வாசலில் நின்று அந்தக் கோபுரத்தைப் பார்த்ததில்லை. அதைச் சொல்லிவிட்டு, கன்றுகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். எந்த மூலையில் முந்திரி, எந்த வரப்பில் பலா, பலாவுக்கு இடையில் என்ன போட்டால் முதல் வருடமே கைக்கு ஏதாவது வரும் என்று. நடுவில் ஒருமுறை சன்னல் கம்பியில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். முந்திரி காய்க்க வருடங்கள் ஆகும், பலா அதற்கும் மேலே. அவர் வயதை வைத்து நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்ததை அவரும் கண்டுகொண்டார் போல. பாதிய தம்பி புள்ளைங்களுக்குத்தான் நடுறேன் என்றார்.

சேத்தியாத்தோப்புக்கு முன்னால், வெள்ளாறு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், டயர் வெடித்து வண்டி நின்றது. மாற்று டயரிலும் காற்று இல்லை. நடத்துநர் யாரையோ திட்டிக்கொண்டே போனில் பேசினார். எங்கள் ஊரில் பேருந்து நான்கு நிமிடம் தாமதமானால் பலகையில் மன்னிப்பு ஓடும். இங்கே நாற்பது பேரும் இறங்கி, யாரும் யாரிடமும் எதுவும் கேட்காமல், சாலையோரம் நிழல் தேடினார்கள். நிழல் இல்லை. தேநீர்க் கடையின் கீற்றுக்கூரை மட்டும் புதிதாகப் போட்டிருந்தது. அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு தட்டில் மசால் வடை, இரண்டு டீ. எங்கள் பெஞ்சில் வேறு யாரும் இல்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் அமையாது.

"அண்ணே, அந்த வாட்ச்..." என்று தொடங்கினேன்.

அவர் உடனே கையைத் தூக்கி மணி பார்த்து, பத்தே முக்கால் சார், டாக்டர் இருப்பாருல்ல என்றார். இருப்பார் என்றேன். அதோடு முடிந்தது என் தைரியம்.

சிதம்பரத்தில் இறங்கும்போது மதியம். இட்லியோடு நல்ல கத்திரிக்காய்க் கொத்சு கிடைக்கும் கடை ஒன்று தனக்குத் தெரியும், வேலை முடிந்ததும் தானே வாங்கித் தருவதாகச் சொன்னார். மருத்துவமனையில் கட்டுப்போட்ட கால்களுக்கு நடுவே காத்திருந்தோம். பாதிப் பேர் புயலில் உடைந்த ஓட்டுக்கூரையைச் சரிசெய்ய ஏறி விழுந்தவர்கள். கடைசி நோயாளி போனபிறகு மருத்துவர் எங்களை உள்ளே அழைத்தார்.

மருத்துவர் மென்மையான மனிதர். மாரத்தான் ஓடிய படங்கள் சுவரில் இருந்தன. முதலில் என் கேள்வித்தாளை முடித்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். தெய்வசிகாமணி சுவரோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வாட்ச்சில் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, எளிதில் கிடைக்கக் கூடாது என்றார். இரண்டு வருடம் காத்திருந்து வாங்கியதைத்தான் அவருக்குப் பிடிக்குமாம். கைக்கு வந்த மறுவாரமே அடுத்ததற்குப் பெயர் கொடுத்துவிடுவாராம். எழுதிக்கொண்டேன்.

பிறகு தெய்வசிகாமணியை அறிமுகம் செய்தேன். அவர் வாட்ச்சைக் கழற்றி, துண்டில் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். மருத்துவர் அதை வாங்கி, நான் செய்ததையே செய்தார். கட்டைவிரல், வளையம், இடப்பக்கம். வலப்பக்கம். பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், உங்களுக்கு இது தெரியும், இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். நான் கேள்வித்தாளை மடித்தேன்.

தெய்வசிகாமணிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஆறு ஏக்கர் விளைச்சலை விலை பேசி விற்று வளர்ந்தவர். எழுந்து நின்றார்.

"அசலா இல்லையா டாக்டர்? தமிழ்லயே சொல்லுங்க."

மருத்துவர் வாட்ச்சை மேசையில் வைத்துவிட்டு, இவர்தான் கம்பெனிக்காரர், இவர்தான் சொல்ல வேண்டும் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். நான் எழுந்து, அண்ணே, இது எங்க கடை வாட்ச் இல்ல என்றேன். பெட்டியும் அட்டையும் என்று ஆரம்பித்தார். அது எங்களுடையதுதான், உள்ளே இருப்பது இல்லை என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பெட்டியையும் வாட்ச்சையும் தன் கையால் வாங்கித் தந்தவர் யார் என்பது அந்த அறையில் அவருக்கும் எனக்கும்தான் தெரியும். அவர் கண் என் கண்ணைத் தாண்டி மாரத்தான் படத்தில் நிலைத்தது. மருத்துவர் ஏதாவது உதவி என்று தொடங்கினார். தெய்வசிகாமணி வாட்ச்சை எடுத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

வெளியே, தெருமுனையில் நின்றார். கொத்சுக் கடையைக் கடந்துதான் போனோம். இருவருமே அதைப் பார்க்காததுபோல நடந்தோம். பேருந்து நிலையம் போனதும் கேட்டார்.

"நேத்து எங்க வூட்லயே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்ணே."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்; பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"காலையில பஸ் ஸ்டாண்டுலயே சொல்லியிருந்தீங்கன்னா, வழியெல்லாம் கன்னு நட்டுக்கிட்டே வந்திருக்க மாட்டேன் சார்."

வீட்டில் கேட்டால் டாக்டர் ஊரில் இல்லை என்று சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். நான் சிங்கப்பூர் போனதும் தம்பியிடம் எதுவும் கேட்கக் கூடாது என்றார். அவனுக்கு அப்போ என்னா கஷ்டமோ என்றார். வாட்ச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பண்ருட்டி வழியாகப் போகும் வண்டியில் ஏறினார். இந்த முறை டிக்கெட் ஒன்று மட்டும் எடுக்க வேண்டியிருந்தது. நான் கை அசைத்தேன். அவர் இருக்கை தேடிக்கொண்டிருந்தார்.

அறிக்கையை அன்று மாலையே எழுதி அனுப்பினேன். இந்தப் பகுதியில் வாய்ப்பில்லை என்று ஒரு வரியில் முடிந்தது. புதுச்சேரிக் கிளை வரவில்லை. எங்கள் தளத்தில் குறைந்த நாற்காலி கடைசியாகச் சேர்ந்த ஒரு பெண்ணுடையது. அவளுக்கு இரண்டு குழந்தைகள். என்னை வைத்துக்கொண்டார்கள்.

பதிவேட்டில் கலியமூர்த்தியின் தொலைபேசி எண் இருந்தது. கேட்காதே என்று சொன்னவருக்கு நான் செய்யக்கூடிய ஒரே காரியம் கேட்காமல் இருப்பதுதான். ஆனாலும் ஒருநாள் மதிய உணவு இடைவேளையில் அந்த எண்ணை அழுத்திவிட்டேன். உடனே எடுத்தார். பின்னால் கான்கிரீட் துளைக்கும் சத்தம். நான் வாயைத் திறப்பதற்குள், ஊருக்குக் கடனாகப் பணம் அனுப்பித் தருகிற கடைக்காரர் என்று நினைத்து மூச்சிரைக்கப் பேசினார்.

"நாளைக்குக் கண்டிப்பா கட்டிடுறேன் சார். ரெண்டு மாசமா ராவும் பகலும் ஓவர்டைம்தான். ஊர்ல அண்ணனுக்கு மரமெல்லாம் போயிடுச்சு, அவரு என்கிட்ட எதையும் கேக்க மாட்டாரு. நானாத்தான் அனுப்பணும்."

தவறான எண் என்று சொல்லி வைத்துவிட்டேன்.